300 எம்.பி.பி.எஸ். வீட்டில் ஒரு பழைய படம்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, ஏணியிலிருந்து இறங்கி, மிச்சக் கேபிளைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, "300 எம்.பி.பி.எஸ். போட்டாச்சு அண்ணாச்சி, பார்த்துக்கிடுங்க" என்றார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "யார் வீட்டுப் பிள்ளைக்குப்பா எம்.பி.பி.எஸ். கிடைச்சிருக்கு?" என்று கேட்டார். 300 என்பது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் ஊரில் இத்தனை டாக்டர்களா என்று மலைத்திருப்பார். மருத்துவப் பட்டமும் இணைய வேகமும் தமிழில் ஒரே நான்கு எழுத்துகளாக வந்து நிற்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எழுத்துகளுக்குள் இருக்கும் இன்னொரு குழப்பம் மாதாமாதம் நாம் கட்டும் பணத்தோடு சம்பந்தப்பட்டது.

இணைய நிறுவனங்கள் வேகத்தைச் சொல்வது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில்; எம்.பி.பி.எஸ். என்பது அதன் சுருக்கம். கணினியும் செல்பேசியும் கோப்பின் அளவைக் காட்டுவது மெகாபைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆங்கிலத்தில் ஒன்றுக்குச் சிறிய பி, மற்றதற்குப் பெரிய பி என்று வேறுபாடு காட்டிவிடுகிறார்கள். தமிழில் எழுதினாலும் வாயால் சொன்னாலும் இரண்டும் எம்.பி.தான். ஆகவே விளம்பரத்தில் 300 என்று பார்த்துவிட்டு, டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 37 என்று ஓடுவதைக் கண்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5, அங்கே ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்தக் கணக்குப்படி 5 ஜி.பி. அளவுள்ள ஓர் உயர்தரப் படம் 133 நொடியில், அதாவது இரண்டே கால் நிமிடத்துக்குள், வீட்டுக்குள் வந்து இறங்கிவிட வேண்டும். நான் புது இணைப்பில் முதலில் இறக்கிய படம் வந்து சேர 1 மணி 51 நிமிடம் ஆனது. இரண்டே கால் நிமிடம் எங்கே போய் எங்கே நீண்டது என்று தேடியதில் எனக்கு ஒரு வாரம் போயிற்று.

படத்தைக் கேட்டவர் அப்பா. 1961இல் வெளியான ஒரு கருப்பு வெள்ளைப் படம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாராம். நாங்கள் சந்தா கட்டும் ஓ.டி.டி. எதிலும் அது இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். 1961இல் வந்த படத்துக்கு அது 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆகவே சான் பிரான்சிஸ்கோவில் இருந்து இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் நல்ல பிரதி ஒன்றை 5 ஜி.பி. அளவில் ஏற்றி வைத்திருந்தார். புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்குவதற்கு இங்கே வழி தேடி வந்தவர்கள் இந்த இடத்திலேயே விடைபெற்றுக்கொள்ளலாம். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்து பரப்புவோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம் என்று வைத்திருக்கிறது. அதற்கெல்லாம் என்னிடம் யோசனை கிடையாது.

டவுன்லோடு என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்குப் பழைய கசப்பு ஒன்று நினைவுக்கு வரும். 2004இல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வகுத்தபோது, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அதற்கு முன் டயல்-அப் மோடம் கீச்சிட்டு, தொலைபேசியையும் அடைத்துக்கொண்டு, அதிகபட்சம் 56 கிலோபிட் கொடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் 256 என்பது வெள்ளம். அடுத்த ஆண்டே எங்கள் வீட்டுக்கும் அது வந்தது. மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக் கட்டணம். ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. எனவே அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு டவுன்லோடைத் தொடங்கிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்வது என் வழக்கமாயிற்று.

256 கிலோபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 32 கிலோபைட். ஆறு மணி நேரத்துக்கு 21,600 நொடி. இரண்டையும் பெருக்கினால் 691 எம்.பி. அப்போது ஒரு படம் என்றால் ஒரு சி.டி.; ஒரு சி.டி. என்றால் 700 எம்.பி. ஒரு நொடிகூட நிற்காமல் முழு வேகத்தில் ஓடினாலும் 9 எம்.பி. பாக்கி நிற்கும்! யார் இந்த நேரத்தை நிர்ணயித்தாரோ, கணக்கில் புலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு நடுச்சாமத்தில் மின்சாரம் போகும்; யு.பி.எஸ். 20 நிமிடம் கூவிவிட்டு அணையும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள டவுன்லோடு மேனேஜர் மென்பொருள் இல்லையென்றால் மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருநாள் கணினியின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியதைக் கவனிக்காமல் தானியங்கியாக ஓடவிட்டேன். கட்டணக் கணக்கில் ஏறிய அந்த ஒரு மணி நேரமும், அதே தவறு தொடர்ந்த அடுத்த பத்து இரவுகளும் சேர்ந்து ஒரு பில்லாக வந்தன. அப்பா அந்தக் காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டதில்லை.

பிராட்பேண்ட் என்ற சொல்லின் வரையறை பிறகு 2013இல் 512 கிலோபிட் ஆகவும், 2023இல் 2 எம்.பி.பி.எஸ். ஆகவும் உயர்ந்தது. சட்டம் 2-ஐத் தொட்ட நேரத்தில் தெருவில் கேபிள்காரர்கள் 100, 200 என்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் ஜியோ தன் ஃபைபர் சேவையை 100 எம்.பி.பி.எஸ்.இல் தொடங்கி, 2020இல் 399 ரூபாய்க்கு 30 எம்.பி.பி.எஸ். என்று இறக்கியதும் மற்றவர்களும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. எங்களைப் போன்ற ஊர்களில் வீட்டு இணையம் அடியோடு மாறியது அந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

சரி, 1 மணி 51 நிமிடத்துக்கு வருவோம். கணக்குப் போட்டால் அது வெறும் 6 எம்.பி.பி.எஸ். வேகம். முதல் சந்தேகம் இயல்பாகவே இணைப்புக் கொடுத்தவர்கள்மீது விழுந்தது. வேகத்தைச் சோதிக்கும் தளம் ஒன்றில் பார்த்தேன். 94 என்று காட்டியது. 300-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 94 கொடுக்கிறார்களே என்று அந்தத் தம்பியை மறுபடி வரவழைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று தன் செல்பேசியில் அதே சோதனையை ஓட்டிக் காட்டினார்: 291. பிறகு மாடியில் என் கணினி வரை வந்து, ரூட்டரிலிருந்து வந்து அதன் பின்னால் செருகியிருந்த லேன் கேபிளைப் பார்த்து, "இது எப்ப இழுத்தது அண்ணாச்சி?" என்றார். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

94 என்ற எண்ணே ஒரு துப்பு. லேன் இணைப்பு 100 எம்.பி.பி.எஸ்.இல் ஓடும்போது, தரவை உறையிட்டு முகவரி எழுதி அனுப்பும் செலவு போக மிஞ்சுவது ஏறக்குறைய 94தான். உங்கள் சோதனையில் 93, 94, 95 என்றே திரும்பத் திரும்ப வந்தால், வெளியே இருந்து வரும் ஃபைபரைக் குறை சொல்வதற்கு முன் வீட்டுக்குள் இருக்கும் கேபிளைப் பாருங்கள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்.பி.பி.எஸ்.க்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகளே போதும். அதற்கு மேல், ஒரு கிகாபிட்டுக்கு, அதாவது 1,000 எம்.பி.பி.எஸ்.க்குப் போக, நீலம், பழுப்பு ஜோடிகளும் சேர்ந்து நான்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த நீல, பழுப்பு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு முனைகளில் உள்ள கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. நெட் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனாலேயே பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் போகும்.

தம்பி முனையை வெட்டி எறிந்துவிட்டு, மேலுறையை இரண்டு அங்குலம் சீவி, கம்பிகளைப் பிரித்தார். பழுப்பும் வெள்ளைப் பழுப்பும் எலி கடித்ததுபோல் நைந்திருந்தன. எலிதான் கடித்ததா, நான் மேசையை நகர்த்தும்போது நசுக்கியதா என்பது விவாதத்துக்குரியது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று மந்திரம்போல முணுமுணுத்தபடியே எட்டையும் விரலிடுக்கில் தட்டையாக நீவி, நுனியைச் சமமாக வெட்டி, கண்ணாடி போன்ற முனைக்குள் நுழைத்து, கிரிம்பிங் கருவியால் ஒரே அழுத்தாக அழுத்தினார். மொத்தம் நான்கு நிமிடம். முனையின் விலை பத்து ரூபாய் இருக்கும். அடுத்த சோதனையில் 288. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "எல்லா வீட்லயும் இதுதான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

பெருமிதத்தோடு அந்தப் படத்தை அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்தேன். அதே 6 எம்.பி.பி.எஸ். வீட்டுக் கேபிள் 94இல் நின்றது உண்மை. ஆனால் இந்தப் படம் 94-ஐயே தொடவில்லை என்பதை ஆத்திரத்தில் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

இங்கே பிரச்சினை தூரம். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள சர்வருக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஒரு சேதி போய்த் திரும்பக் கால் நொடி அளவு ஆகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கடலடிக் கேபிள் வழியாகச் சுற்றி வளைத்துப் போய்வரும் பாதையை எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டியும் சுருக்க முடியாது. சர்வர் படத்தை ஒரே மூச்சில் கொட்டிவிடுவதில்லை. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வந்த பிறகே அடுத்த கட்டை அனுப்புகிறவரைப் போல, அனுப்பியது கிடைத்ததா என்று கேட்டுக் கேட்டுத்தான் மேற்கொண்டு அனுப்புகிறது. வழியில் ஏதாவது தொலைந்துவிட்டால், பாதை நெரிசலாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லவே ஏற்றும். பக்கத்துச் சென்னையில் உள்ள சர்வர் என்றால் ஒப்புகை ஒரு சிமிட்டலில் வந்துவிடும். குறைந்த வேகம் உடனே ஏறிவிடும். கால் நொடித் தூரத்தில் ஒவ்வொரு சறுக்கலும் நெடுநேரம் வலிக்கும்.

வேகம் சோதிக்கும் தளங்கள் இதை மறைத்துவிடுகின்றன. அவை இருப்பதிலேயே பக்கத்தில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கின்றன. கிடைக்கும் எண் பொய்யில்லை. ஆனால் அது வாசலிலிருந்து தெருமுனை வரை உள்ள சாலையின் அகலம். நாம் போக வேண்டிய ஊர் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

மருந்து பழையதுதான். 2 மணிக்கு அலாரம் வைத்த காலத்தில் பயன்படுத்திய அதே வகை டவுன்லோடு மேனேஜரை மறுபடி நிறுவி, கோப்பை எட்டுத் துண்டாகப் பிரித்து எட்டு இணைப்புகளில் இழுக்கச் சொன்னேன். ஒரு தபால்காரருக்குப் பதில் எட்டுத் தபால்காரர்கள். வேகம் 40 எம்.பி.பி.எஸ்.க்கு ஏறி, படம் 17 நிமிடத்தில் வந்தது. (அந்த அமைப்பு நன்கொடையில் ஓடுவது, எட்டுக்கு மேல் திறந்து அவர்களுடைய சர்வரைப் பிழிவது நாகரிகம் அல்ல.) ஆக, 300 எம்.பி.பி.எஸ்.க்குப் பணம் கட்டும் வீட்டில், எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், இந்தப் படத்துக்குப் பயன்பட்டது 40.

ஓ.டி.டி. நிறுவனங்கள் இந்தத் தூரத்தை வேறு வகையில் வென்றிருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை, தங்கள் படங்களை நிரப்பிய பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. படம் கடல் கடப்பது ஒருமுறை மட்டும். பிறகு உள்ளூர்க் கிடங்கிலிருந்து வீடு வீடாகப் போகும். முழு உயர்தரப் படம் பார்க்க 5 எம்.பி.பி.எஸ்., 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். இருந்தால் போதும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. வீட்டில் மூன்று அறைகளில் மூன்று பேர் ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் 45தான். அங்கே டவுன்லோடு பொத்தானும் உண்டு. ஆனால் அப்படி இறக்கியது அந்தச் செயலிக்குள் மட்டும் ஓடும், சில நாளில் காலாவதியாகும். ரயில் பயணத்துக்கு நல்லது. அப்பாவின் பழைய டிவியில் செருகுவதற்கு உதவாது.

உயர்தரம் என்ற சொல்லைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. 1080 என்று போட்டிருந்தால் உயர்தரம் என்று நம்புகிறோம். அந்த எண் சொல்வது திரையில் எத்தனை வரிசைப் புள்ளிகள் என்பதை மட்டும்: 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட், நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்று கணக்கிட்டால், எதையும் சுருக்காத படம் நொடிக்கு 1,194 மெகாபிட் கேட்கும். என்னுடையதைப் போல நான்கு வீட்டு இணைப்புகளைச் சேர்த்துக் கட்டினால்தான் ஒரு படத்தை நேரடியாக ஓடவிட முடியும்! அப்பாவின் படம் 2 மணி 45 நிமிடம். அதை 5 ஜி.பி.க்குள் அடைத்தால் நொடிக்குச் சுமார் 4 மெகாபிட். கிட்டத்தட்ட 300இல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். இதே படத்தின் இன்னொரு பிரதி 1.4 ஜி.பி.யில் கிடந்தது, அதற்கும் 1080 என்றே பெயர். அதில் நொடிக்கு வருவது ஒரு மெகாபிட்டுக்குச் சற்று மேல். ஒப்பிட்டுப் பார்க்க, ஒற்றை அடுக்கு புளூ-ரே தட்டு 25 ஜி.பி. கொள்ளும், அதில் படக்காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை ஒதுக்கலாம்.

இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் நாயகி கிணற்றடியில் நிற்கும் காட்சியில் பெரிய வேறுபாடு இல்லை. இரவில் நாயகன் லாந்தரோடு வரும் காட்சியில்தான் சிறிய பிரதியின் சாயம் வெளுத்தது. லாந்தரைச் சுற்றியிருக்கும் வெளிச்சம் இருட்டோடு கரைய வேண்டும். அதற்குப் பதில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வளையம் வளையமாக நின்றது. சுவரின் இருட்டு சதுரம் சதுரமாக நடுங்கியது. பழைய ஃபிலிமில் எப்போதும் மணல்போல ஒரு துகள் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒவ்வொரு சட்டகத்திலும் மாறுவதால் சுருக்குவது கடினம். இடம் போதாதபோது சுருக்கும் மென்பொருள் முதலில் தூக்கி எறிவது அந்தத் துகளைத்தான். துகள் போனால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். புதுப்படத்தைவிடப் பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பெரிய கோப்பு வேண்டும் என்று சொன்னால் யாரும் நம்ப மறுக்கிறார்கள். இந்த லாந்தர் காட்சியைக் காட்டிய பிறகு அப்பா மட்டும் நம்பினார்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக. எங்கள் வீட்டுப் பழைய சுவர்கள் ஒன்றரை அடிக் கனம், சுண்ணாம்புக் காரை. ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவருக்கு மேல் தாண்டுவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டுகிறது. ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் பதினொன்று அதே அலைவரிசையில் சத்தம் போடுகின்றன. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அங்கே 1, 6, 11 என்று மூன்றே மூன்று. படுக்கையறையில் எனக்குக் கிடைப்பது 30 எம்.பி.பி.எஸ். படம் இறக்கும் கணினியை லேன் கேபிளில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சாயங்கால மந்தம் என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் ஃபைபர் நமக்கே தனியாக இழுத்தது அல்ல. ஜிபான் என்னும் முறையில் நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையை, கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஒரு ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு கீழ்நோக்கி 2.5 கிகாபிட். 32 வீடும் ஒரே நொடியில் முழு வாயைத் திறந்தால் ஆளுக்கு 78 எம்.பி.பி.எஸ்.தான் வரும். நடைமுறையில் அப்படி எல்லோரும் ஒன்றாகத் திறப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் எல்லோருக்கும் 300 என்று விற்க முடிகிறது. இரவு 8 முதல் 10 வரை எங்கள் தெருவில் அந்த நம்பிக்கை சற்று ஆட்டம் காணும். 3,300 ஜி.பி. வரை என்று வரம்பு வைத்து அதை அன்லிமிடெட் என்று விற்பதும் இதே கணக்கின் இன்னொரு முகம். 300 எம்.பி.பி.எஸ்.ஐ இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடவிட்டால் ஒரு மாதத்துக்கான 3,300 ஜி.பி. 24 மணி 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாங்கும் யாரும் அப்படி ஓடவிடமாட்டார்கள் என்பது விற்பவருக்கும் தெரியும்.

படம் இறங்கிவிட்டது. இனி கீழ்வீட்டு டிவிக்குப் போக வேண்டும். பென் டிரைவைச் செருகிக் கோப்பை இழுத்துப் போட்டால், கோப்பு இதற்கு மிகப் பெரியது என்றது கணினி. 32 ஜி.பி. பென் டிரைவ், உள்ளே ஒன்றும் இல்லை! கடையில் வாங்கும்போதே அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் எந்தத் தனிக்கோப்பும் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. பெரிய கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் கணினி ஏற்றுக்கொள்ளும், அப்பாவின் டிவி ஏற்றுக்கொள்ளாது. கடைசியில் படத்தை இடைவேளையில் இரண்டாகப் பிரித்தேன். டாக்கீஸிலும் ரீல் மாற்ற நிறுத்துவார்களே என்று அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிரித்த இரண்டையும் ஏற்ற 14 நிமிடம் ஆனது. அந்த மலிவுப் பென் டிரைவ் எழுதுவது நொடிக்கு 6 எம்.பி., மெகாபைட் கணக்கில். பசிபிக் பெருங்கடலைத் தாண்டி 17 நிமிடத்தில் வந்த படம், மாடியிலிருந்து கீழே போக 14 நிமிடம். அப்பா மாடிப்படியின் அடியில் நின்று, "இன்னுமா இறங்குது?" என்று கேட்டார். "இறங்கியாச்சுப்பா, ஏறிக்கிட்டிருக்கு" என்றேன். அவருக்கு நான் கேலி செய்வதாகப் பட்டிருக்க வேண்டும்.

டிவியின் பின்புறம் பென் டிரைவைச் செருகும்போதுதான் அந்த ஸ்டிக்கரைப் படித்தேன். 32 அங்குலம், எச்.டி. ரெடி, 1366-க்கு 768. புள்ளிகளைப் பெருக்கினால் 10 லட்சத்து 49 ஆயிரம். நான் ஒரு வாரம் பாடுபட்டுக் கொண்டுவந்த புள்ளிகளில் சரிபாதி. மீதியை டிவி வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனாலும் லாந்தர் காட்சி அந்தத் திரையிலும் வளையம் இல்லாமல் கரைந்தது. புள்ளிகளைவிட, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதே முக்கியம் என்று எனக்கு உறுதியானது அங்கேதான்.

அடுத்த மாதம் திட்டத்தை 300இலிருந்து 100-க்கு இறக்கிக்கொண்டேன். மிச்சப்பட்ட பணத்தில் நொடிக்கு 60 எம்.பி. எழுதும் பென் டிரைவ் ஒன்று வாங்கினேன். 14 நிமிடம் ஒன்றரை நிமிடமாகிவிட்டது. யாராவது என்னிடம் படம் பார்க்க எவ்வளவு வேகம் போடலாம் என்று கேட்டால், 100 போதும், முதலில் லேன் கேபிளின் பழுப்புக் கம்பியைப் பார் என்கிறேன். அவர்கள் 300-தான் போடுகிறார்கள்.

அப்பா இப்போது இன்னொரு படத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்தேன், 1967இல் வந்தது. எந்தத் திட்டம் போட்டாலும் அது 2028 ஜனவரி 1-க்கு முன்னால் இறங்காது.